5க்கு 8 ஸ்பைரல் கப்ளர்: எங்கே போடலாம், எங்கே கூடாது

3டி பிரிண்டர் போன்றவற்றில் வரும் நீமா 17 ஸ்டெப்பர் மோட்டாரை 8 மி.மீ. லீட் ஸ்க்ரூவோடு (சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் மரைத் தண்டு) இணைக்கத் தேடினால் முதலில் கண்ணில் படுவது, இரண்டு ஷாஃப்டையும் சேர்க்கும் இந்த அலுமினியக் கப்ளர்தான். வெளி விட்டம் 19 மி.மீ., நீளம் 25. ஒரு பக்கம் 5 மி.மீ. ஓட்டை, மறுபக்கம் 8. நடுவில் ஸ்பிரிங் போலச் சுற்றி அறுத்திருக்கும். ஓட்டை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்த அறுப்பை.

இரண்டு ஷாஃப்டும் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அறுப்பு வளைந்து கொடுக்கும், மோட்டார் திணறாது. திருப்பும்போது ப்ளேயும் (லூஸ் ஆட்டம்) இல்லை. இந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வளைகிற அதே ஸ்பிரிங் நீளவாக்கில் இழுபடும், அமுங்கும். நிமிர்ந்து நிற்கும் ஸ்க்ரூவின் மொத்தப் பாரத்தையும் இதன் தலையில் வைத்தால் மோட்டார் திசை மாறும்போதெல்லாம் ஸ்க்ரூ மேலும் கீழும் துள்ளும். ஸ்க்ரூவை ஒரு கேஎஃப்எல் 08 பேரிங்கில் (சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டும் 8 மி.மீ. பேரிங்) பூட்டி, பாரத்தை அதற்குக் கொடுங்கள். கப்ளருக்குச் சுழற்சி மட்டும் போய்ச் சேரட்டும்.

வாங்கும்போது கிரப் ஸ்க்ரூ (பக்கவாட்டில் ஷாஃப்டை அழுத்தும் தலையில்லாச் சின்னத் திருகு) வகையைத் தவிர்த்து, பிளந்து இறுக்கும் கிளாம்ப் வகையைக் கேளுங்கள். கிரப் ஸ்க்ரூ லீட் ஸ்க்ரூவின் மரையைக் கடித்துப் பிசிறு கிளப்பும். அதைவிட மோசம், ஷாஃப்டை ஓட்டையின் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஸ்க்ரூவின் நுனி வட்டம் போடும். கையில் இருப்பது கிரப் வகைதான் என்றால் மோட்டார் பக்கம் ஒரு கிரப் ஸ்க்ரூவாவது ஷாஃப்டின் தட்டையான முகத்தில் உட்கார வேண்டும், திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு வேண்டும். மலிவானவற்றில் ஓட்டையே மையம் தவறியிருப்பதும் உண்டு. மோட்டாரில் மாட்டி, மறுமுனையில் நேரான 8 மி.மீ. கம்பியைச் செருகி மெதுவாகச் சுற்றினால் தெரிந்துவிடும்.

மாட்டும்போது ஷாஃப்ட் முனை அறுப்புக்குள் போகக் கூடாது. போனால் வளைய இடமிருக்காது. லீட் ஸ்க்ரூவில் ஓடும் நட்டை மோட்டார் பக்கத்து முனைக்குக் கொண்டுவந்த பிறகே மோட்டாரின் நான்கு போல்ட்டையும் முறுக்குங்கள், மையம் தானே அமையும். கோணல் அதிகமாக விட்டால் அறுப்பு முடிகிற மூலையில்தான் முதல் விரிசல் விழும்.

இதற்கு மாற்றாகக் கிடைக்கும் ஜா கப்ளர், அதாவது பல் போலக் கோத்த இரண்டு பாதிக்கு நடுவில் ரப்பர் ஸ்பைடர் வைத்த வகை, அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மோட்டார் மேலே இருந்து பாரம் கீழே தொங்கினால் இரண்டு பாதியும் கழன்று வரும். அங்கேயும் பேரிங் இல்லாமல் முடியாது.

மாட்டி முடித்ததும் கப்ளரிலிருந்து ஷாஃப்ட் வரை மார்க்கரால் ஒரே கோடு போட்டுவிடுங்கள். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் ஸ்க்ரூவில் அந்தக் கோடு 9 டிகிரி விலகினாலே 0.2 மி.மீ. போச்சு, 3டி பிரிண்டரில் அது ஒரு முழு லேயர் (அச்சாகும் ஒரு அடுக்கு).