ஃபெரெட்டுக்குப் பச்சைக் கறி: ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு இரண்டரை வருடம்

போன வாரம் இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து நண்பர் போன் செய்தார். இரண்டு ஃபெரெட் குட்டிகள் எடுக்கப் போகிறாராம். பார்க்கக் கீரி மாதிரி நீளமாக இருக்கும் வளர்ப்புப் பிராணி. "பச்சைக் கறிதான் போடணும்னு முடிவு பண்ணிட்டேன் பாஸ். ஆனா வாடகை வீடு, ரூமெல்லாம் கார்ப்பெட். நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றார். பெட்டியைப் பற்றிச் சொல்லி, வாட்ஸாப்பில் படமும் அனுப்பினேன். அவரிடம் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பச்சைக் கறி நல்லதா, உலர் தீனி நல்லதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஃபெரெட் கறி மட்டுமே தின்னப் பிறந்த ஜீவன், குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் பின்வழியாக வந்துவிடும், எலும்பை வேகவைத்துக் கொடுக்கவே கூடாது. இதெல்லாம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. என் பிரச்சினை கறி இல்லை. அது போய்ச் சேரும் இடம்.

எங்கள் வீட்டில் இரண்டு. மிளகு ஆண், 1.6 கிலோ. சீரகம் பெண், 750 கிராம். ஊரிலிருந்து அம்மா பேசும்போது "அந்தக் கீரிங்க சாப்பிட்டுதாடா?" என்றுதான் இன்னமும் கேட்பாள். சாப்பிடுவதில் குறையே இல்லை. ஆனால் தட்டில் வைத்ததைத் தட்டில் தின்னும் பழக்கம் அந்தச் சாதிக்கே கிடையாது. கவ்வும், ஓடும், எங்காவது திணித்துவிட்டு அடுத்த துண்டுக்கு வரும். காட்டில் திரிந்த முன்னோர் நாளைக்கென்று பதுக்கிய புத்தி, நடு ஹாலில் சோபா போட்டாலும் போகவில்லை. முதல் மாதம் ஒரு கோழி இறக்கை காணாமல் போனது. தின்றுவிட்டது என்று நினைத்தோம். ஜூலை மாதம், மூன்றாம் நாள் மூக்குதான் கண்டுபிடித்தது. சோபாவுக்கு அடியில் துணியைக் கிழித்து உள்ளே ஒரு கருவூலமே வைத்திருந்தாள் சீரகம். மறுநாள் வீட்டு ஏஜென்டின் சோதனை. கார்ப்பெட் வெளிர் கிரீம் நிறம். அந்த ராத்திரியைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

அப்புறம்தான் பெட்டி. துணிமணி அடுக்கி வைக்கும் 60 லிட்டர்ச் சொச்சம் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நடப்பது வெளியே தெரிகிற ரகம். மூடியின் நடுவை வெட்டி எடுத்து, கம்பிவலையை கேபிள் டை போட்டு இறுக்கினேன். கறியோடு இரண்டையும் உள்ளே விட்டு மூடியைப் போட்டால் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. இதற்குப் பணம் கேட்கும் கடைச் சாமான் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

அடியில் என்ன விரிப்பது என்பதில் மட்டும் நான்கு மாதம் வீணானது. செய்தித்தாள் கறியில் ஒட்டிக்கொண்டு அதுவும் வயிற்றுக்குள் போனது. பிளீஸ் துணி போட்டேன். இங்கே முட்டைக் கோழிப் பண்ணைகளில் வேண்டாம் என்று கழிக்கும் ஒரு நாள் ஆண் குஞ்சுகள் உறையவைத்துப் பை பையாகக் கிடைக்கும். ஃபெரெட் அதைத் தலையிலிருந்து தொடங்கும். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்கும், நமக்கே பல் கூசும். வயிற்றுப் பக்கம் வந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கரு பொளக்கென்று உடையும். பிளீஸில் ஊறிய அந்த மஞ்சளை மூன்று தடவை வாஷிங் மெஷினில் போட்டும் எடுக்க முடியவில்லை. கடைசியில் ஒன்றுமே விரிக்காமல் விட்டதுதான் சரி. வெறும் பிளாஸ்டிக், வேலை முடிந்ததும் சூடு தண்ணீர், சோப்பு, கிருமிநாசினி. இரண்டு நிமிடம். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கிச்சன் சிங்கில் மட்டும் கழுவ மாட்டேன்.

பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் இரண்டும் தாடையைக் கார்ப்பெட்டில் வைத்து இழுத்துக்கொண்டே போகும். அதுதான் அவர்களுடைய கைக்குட்டை. பெட்டி வாசலில் என் பழைய லுங்கியை விரித்தேன், தீர்ந்தது. ஈரோட்டில் வாங்கிய லுங்கி இங்கே இப்படி முடியும் என்று நினைக்கவில்லை.

என் மனைவி சைவம். ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்கும் பரோட்டா பாக்கெட்டுக்கும் நடுவே குஞ்சுகளைப் பார்த்த அன்று பேச்சுவார்த்தை நின்றது. கராஜில் தனியாக ஒரு குட்டி ஃப்ரீசர் வாங்கியதும் தொடர்ந்தது. ஆனாலும் எனக்கு ஃப்ளூ வந்த வாரம் கறி வைத்தது அவள்தான். நம் ஃப்ளூ ஃபெரெட்டுக்கு அப்படியே தொற்றும். 1933இல் லண்டன் மில் ஹில்லில் மனித ஃப்ளூ வைரஸை முதலில் பிரித்துக் காட்டியதே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். அதனால் நான் மாடியில் கிடக்க, கீழே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுக்கியால் குஞ்சைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டிருக்கிறாள். பெட்டி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. அந்தக் கணக்கும் பெட்டிக்கே.

பலனும் கண்ணால் பார்த்ததுதான். மிளகின் பல் வெள்ளையாக இருக்கிறது. ரோமம் மினுங்குகிறது. கழிவு பாதியாகக் குறைந்தது, நாற்றமும் குறைந்தது. உலர் தீனியில் வளர்ந்த சீரகத்தைக் கறிக்கு மாற்ற மட்டும் இரண்டு மாதம் ஆனது. கறிச்சாறை மூக்கில் தடவித் தடவிப் பழக்கினேன். சின்ன வயதில் எந்த வாசனையைச் சாப்பாடு என்று பழகுமோ அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு.

இப்போது நண்பரிடம் சொல்லாமல் விட்டது. மூடியைத் திறக்கும் அந்த ஒரு நொடி. சீரகம் கடைசித் துண்டைத் தின்ன மாட்டாள். வாயில் வைத்துக்கொண்டு, முடித்துவிட்டவள் மாதிரி மூலையில் உட்கார்ந்திருப்பாள். நான் கிளிப்பைத் தட்டியதும் என் மணிக்கட்டுக்கு அடியில் நழுவி, லுங்கியைத் தாண்டி, போயே போய்விடுவாள். கிளிப் சத்தம்தான் அவளுக்குச் சிக்னல். சத்தமில்லாமல் திறந்து பார்த்தேன். மிளகை முதலில் எடுத்துப் பார்த்தேன். எலும்பைச் சேர்த்து அரைத்த கறி கொடுத்தால் தூக்கிப் போக முடியாது, உண்மைதான். ஆனால் தினமும் அதையே கொடுத்தால் பல்லுக்கு வேலை ஏது? இரண்டரை வருடத்தில் நான் இந்தப் பந்தயத்தில் ஜெயித்தது பத்து தடவை இருக்கலாம்.

இன்று காலை அவசரமாகக் கிளம்பும்போது இடது ஷூவுக்குள் காலை விட்டேன். குளிர்ச்சியாக, கூராக ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் கோழி இறக்கை நுனி. வியாழக்கிழமையது.

நேற்று வரை கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்றிருப்பேன். பெட்டிக்கு இப்போதும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அதன் மேல் தப்பே இல்லை. ஆனால் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம். உலர் தீனி வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பரிடமிருந்து படம் வந்திருக்கிறது. பெட்டி வாங்கிவிட்டார், மூடியை வெட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. ஷூ காயட்டும், பார்க்கலாம்.