பம்ப் கம்பெனிக்கு இஆர்பிநெக்ஸ்ட்: ஸ்டோர்ஸ் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

கோவை கணபதி பக்கம் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஸ்டோர்ஸும் கொள்முதலும் என் பொறுப்பு. செய்கிற பம்பைத் தேனி, சேலம், விஜயவாடா டீலர்களுக்கு நாங்களே அனுப்புகிறோம். உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் சேர்த்து ஒரே கிளவுட் இஆர்பி (சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இணையவழி மென்பொருள்) வேண்டும் என்று முதலாளி சொன்னதும் சில மென்பொருள்களைப் பார்த்து, கடைசியில் இஆர்பிநெக்ஸ்ட்டை எடுத்தோம். மும்பை ஃப்ராப்பே நிறுவனத்துடைய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. ஒரு முழு நிதியாண்டு அதில் ஓட்டி முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

டெமோ காட்ட வந்தவர்கள் எல்லோரும் வண்ண வண்ண வரைபடங்களோடுதான் ஆரம்பித்தார்கள். மோட்டாருக்குச் செம்பு ஒயர் சுற்றும் வைண்டிங் வேலையை வைத்து நான் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "வைண்டிங்குக்கு வெளியே கொடுத்த செம்பு இப்போ யார்கிட்ட எத்தனை கிலோ இருக்கு?" ஒருவர் சட்டென்று, "அது கஸ்டமைசேஷன்ல வந்துரும் மேடம்" என்றார். ஜாப் ஒர்க், அதாவது நம் பொருளை வெளியாளிடம் கொடுத்து வேலை செய்து வாங்குவது, எங்களுக்குக் கூடுதல் வசதி இல்லை, தொழிலே அதுதான். ஸ்டேட்டரும் (மோட்டாரில் சுழலாத பாகம்) அதில் சுற்ற வேண்டிய வைண்டிங் ஒயரும் ஓர் இடத்துக்குப் போகும், பாடி கடைசலுக்கு இன்னோர் இடத்துக்குப் போகும், பெயின்ட் அடிக்க மூன்றாவது இடம். எந்த நாளிலும் எங்கள் சரக்கில் பெரிய பங்கு கேட்டுக்கு வெளியேதான் கிடக்கும். அந்த ஆளை அனுப்பிவிட்டோம்.

இஆர்பிநெக்ஸ்ட்டில் இது அடிப்படையிலேயே இருக்கிறது. வைண்டிங்காரருக்குத் தனிக் கிடங்கு ஒன்றைத் திறக்கிறோம். சப்கான்ட்ராக்டிங் ஆர்டர் போட்டு ஒயரை அனுப்பினால், நம் ஸ்டோர்ஸில் குறைந்து அவர் கிடங்கில் ஏறும். சுற்றிய ஸ்டேட்டர் திரும்பி வந்து ரசீது போடும்போது, பிஓஎம் (ஒரு பொருள் செய்ய எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) கணக்குப்படி அவர் கிடங்கிலிருந்து ஒயர் கழியும். செம்பு விலையோடு வைண்டிங் கூலியும் சேர்ந்து ஸ்டேட்டரின் அடக்க விலையாகிவிடும். பதினைந்தாம் பதிப்பில் கழிவுச் செம்பின் வரவையும் அதே ரசீதிலேயே ஏற்ற முடிகிறது. செம்பு விற்கிற விலைக்கு ஒரு ஸ்டேட்டருக்கு ஐம்பது கிராம் வித்தியாசம் என்றாலும் மாசக் கடைசியில் அது பெரிய தொகை. முன்பெல்லாம் அந்த வித்தியாசம் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புத்தகத்துக்கும் வைண்டிங்காரரின் நோட்டுக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோகும். இப்போது அவர் எதிரிலேயே திரையைத் திருப்பிக் காட்டிப் பேச முடிகிறது. அவருக்கும் இதில் நிம்மதி, வீண் பழி வருவதில்லை.

சட்டத்துக்கும் இது தேவை. ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக எடுத்துக்கொள்ளும் ஜிஎஸ்டி சட்டம். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஐடிசி-04 என்ற ஜாப் ஒர்க் கணக்குப் படிவம் வேறு. எந்த டிசி எத்தனை நாளாக நிலுவை என்பது தெரியாமல் அந்தப் படிவத்தை நேர்மையாக நிரப்ப முடியாது.

ஃபவுண்டரியில் வார்த்து வரும் காஸ்டிங்கை நாங்கள் கிலோவில் வாங்குகிறோம், எண்ணிக்கையில் செலவழிக்கிறோம். ஃபவுண்டரி பில்லில் 500 கிலோ இருக்கும். எண்ணினால் 112 பாடி. அடுத்த லாட்டில் அதே 500 கிலோவுக்கு 108தான் தேறும். எடை கூடினால் ஒரு பாடியின் விலையும் கூடும், அது பம்பின் அடக்க விலை வரை போக வேண்டும். இங்கே ஒவ்வொரு வரவிலும் மாற்று விகிதத்தை அந்த லாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போடுகிறோம். வாங்குவதற்கு முன்னால் இப்படிப்பட்ட உங்கள் சொந்தப் பில் ஒன்றைக் கையில் கொடுத்து, எதிரிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கம்பெனியில் மேஜைக்கு நான்கு கால், ஒரு பலகை. அதில் எந்த மென்பொருளும் ஓடும்.

பழகக் கஷ்டமானது சப்மிட் பொத்தான். ஒரு ரசீதை சப்மிட் செய்துவிட்டால் அளவையோ விலையையோ நினைத்தபடி திருத்த முடியாது. ரத்து செய்து, பழைய எண்ணுக்குப் பின்னால் -1 என்று வால் சேர்ந்த எண்ணில் புதிதாகப் போட வேண்டும். பழைய வவுச்சருக்குள் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிப் பழகிய அக்கவுண்ட்ஸ்காரர்கள் முதல் காலாண்டு முழுக்கச் சலித்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் சரி. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்பது 1.4.2023 முதல் விதி. இருப்பில் இல்லாத பொருளை எடுக்கவும் இந்த மென்பொருள் விடாது. எங்கள் ஃபோர்மேன் அண்ணன் ஒருநாள் வந்து, "காஸ்டிங் கண்ணு முன்னாடி கிடக்குதுங்க அம்மிணி, இது இல்லீங்குது" என்று நின்றார். சரக்கு இறங்கியிருந்தது, வரவு போடவில்லை. மைனஸ் இருப்பை அனுமதிக்க செட்டிங்ஸில் வழி உண்டு. அதைத் திறக்க வேண்டாம் என்று முதலாளியிடம் வாதாடி நிறுத்தி வைத்திருக்கிறேன். லாரி இறங்கும்போதே வரவு போடும் பழக்கம் அதனால்தான் வந்தது.

அடுத்தது லாகின் கணக்கு. ஓடூ எண்டர்பிரைஸ், மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரல் போன்ற மற்ற இஆர்பிகள் ஆள் கணக்கில் கட்டணம் வாங்குபவை. இஆர்பிநெக்ஸ்ட்டுக்கு ஆள் கணக்கு கிடையாது. ஃப்ராப்பே கிளவுடில் வைத்தால் ஹோஸ்டிங்குக்குத்தான் பணம். சிறு கம்பெனிக்கு இதன் அர்த்தம் பணத்தோடு முடிவதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்றால் ஸ்டோர்ஸ், டெஸ்டிங், டெஸ்பாட்ச் மூவரும் ஒரே லாகினில் உட்கார்வார்கள். அப்புறம் யார் மாற்றினார்கள் என்ற தடத்துக்கு என்ன மதிப்பு? எங்களிடம் டெஸ்ட் பெஞ்சில் இருக்கும் பையனுக்கும் சொந்த லாகின் இருக்கிறது.

இ-இன்வாய்ஸுக்கு (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற இணைப்பு உண்டு. 1.8.2023 முதல் விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்டதால், இது இல்லாத மென்பொருளைப் பார்ப்பதே வீண். பில்லிலிருந்தே ஐஆர்என்னும் (இ-இன்வாய்ஸின் பதிவு எண்) இ-வே பில்லும் வருகின்றன. பில்லை அரசுத் தளத்துக்கு அனுப்பத் தேவையான ஏபிஐ கிரெடிட்டைத் தனியாக வாங்க வேண்டும், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகங்களின் காப்பு தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்றும் கம்பெனி விதி இருக்கிறது. கிளவுட் எடுப்பவர்கள் சர்வர் எந்த ஊர், காப்பு எங்கே போகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் மும்பையைத் தேர்ந்தெடுத்தோம்.

மென்பொருள் இலவசம் என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நிறுவிக் கொடுப்பவருக்கான கூலிதான் பெரிய செலவு. எங்களுக்கு முதலில் வந்தவர்கள் பிஓஎம் ஏற்றும் வேலையை ஒரு பயிற்சிப் பையனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பாதியில் ஆளை மாற்ற வேண்டியதாயிற்று. பம்ப், வால்வு, கியர் என்று ஏதாவது ஒரு பட்டறையில் ஏற்கெனவே ஓடவிட்ட ஆளாகப் பாருங்கள். அந்தப் பட்டறைக்கே போய் ஸ்டோர்ஸ்காரரிடம் தனியாகப் பேசுங்கள், முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது.

டீலர் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது சீரியல் நம்பர். தேனியிலிருந்து மோட்டார் எரிந்துவிட்டது என்று போன் வந்தால், நம்பரைத் தட்டியதும் எந்தப் பில்லில் போனது, வாரண்டி இருக்கிறதா என்பது வந்துவிடும். ஸ்டேட்டருக்கு நாங்கள் பேட்ச் எண் போடுவதால், எந்த வைண்டிங்காரரின் லாட் என்பதையும் பின்னோக்கிப் போய்ப் பிடிக்க முடிகிறது. ஒரே லாட்டிலிருந்து அடுத்தடுத்துப் புகார் வந்தபோது, மீதி ஸ்டேட்டர்களைப் பம்பில் ஏற்றாமல் ஒதுக்கி வைத்தோம்.

வாங்கி விற்பது மட்டும்தான் தொழில், ஜாப் ஒர்க் இல்லை, உட்கார்ந்து பார்க்க இரண்டு பேர்தான் என்றால் டேலிபிரைமே போதும், இவ்வளவு தூரம் வர வேண்டாம். சரக்கு கேட்டுக்கு வெளியே மூன்று நான்கு இடங்களுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இதை எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் தொடங்குவது நல்லது. அதற்கு முன் மார்ச் கடைசியில் வைண்டிங்காரர் வீட்டுச் செம்பு வரை எடை போட்டு ஆரம்ப இருப்பாக ஏற்றிவிடுங்கள்.