ஒரே படத்தை ‘முதல் பாகம், இரண்டாம் பாகம்’ என்று விற்கிறார்கள், கவனம்

பெஸ்தாரி ஜெயா, அதாவது நம்ம பத்தாங் பெர்ஜுந்தை பட்டணத்தில் டிவிடி வாங்குகிறவர்கள், முக்கியமாக வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்காக வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே ஆங்கிலப் படத்தை இரண்டு பெயரில், இரண்டு அட்டையில் வைத்து, இது முதல் பாகம், இது இரண்டாம் பாகம் என்று சொல்லி விற்கிறார்கள். என் அப்பாவுக்கு அப்படித்தான் தலையில் கட்டினார்கள். ஒரு டிஸ்க் 35 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), இரண்டும் சேர்ந்து 70 வெள்ளி. இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள்.

அப்பா தோட்டத்து மனிதர். 1917இல் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான், அதைச் சுற்றியே அவர் காலம் போய்விட்டது. குலை வெட்டி வெட்டித் தோள்பட்டை போய், இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் எங்களோடு இருக்கிறார். அவருக்கென்று இருக்கிற ஒரே ஆசை சண்டைப் படம். வீடியோ டேப் காலத்தில் நாலைந்து குடும்பங்கள் காசு போட்டு டெக்கை வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில் தொலைக்காட்சியைத் தூக்கி வைத்து விடிய விடியப் படம் ஓட்டுவார்களாம். அங்கேதான் 1985இல் வந்த ‘ராக்கி 4’ பார்த்திருக்கிறார். கூட்டமே ஸ்டாலோனுக்குக் கை தட்ட, அப்பாவுக்கு மட்டும் எதிரில் நின்ற அந்த ரஷ்யக் குத்துச்சண்டைக்காரனாக நடித்த டால்ப் லுன்ட்கிரனைப் பிடித்துப்போனது. அப்புறம் 1992இல் ‘யுனிவர்சல் சோல்ஜர்’ வந்ததும் முழு ரசிகராகிவிட்டார். லுன்ட்கிரன் ஸ்வீடன்காரர், சிட்னி பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்தவர், கராத்தேயில் ஐரோப்பிய சாம்பியன், இதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். 2023இல் அந்த நடிகர் தனக்குப் பல வருடங்களாகப் புற்றுநோய் இருப்பதை வெளியே சொன்னபோது, அப்பா மாரியம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை போட்டார். நட்சத்திரம் தெரியாததால் ஐயர் வெறும் பேரைச் சொல்லிச் செய்து கொடுத்தார்.

அப்படிப்பட்ட ஆளுக்குப் பிறந்தநாள் வந்தது. அவருக்கு ஆன்லைனில் பார்க்கப் பிடிக்காது, கைப்பேசித் திரையும் கண்ணுக்குச் சரிப்படாது, பழைய டிவிடி பிளேயர்தான். அதனால் பட்டணத்தில் கைப்பேசி உறை, பென் டிரைவ், டிஸ்க் எல்லாம் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். “வாங்க தங்கச்சி, அப்பாவுக்கா? லுன்ட்கிரன் படம் புதுசு இருக்கு, கூலிக்குக் கொலை செய்றவன், குடும்பத்துக்கு ஆபத்துன்னதும் எல்லாரையும் அடிச்சு நொறுக்குவான், ரெண்டு பாகம் வந்திருக்கு” என்றார். ஒன்றில் ‘இகாரஸ்’ என்று இருந்தது, இன்னொன்றில் ‘த கில்லிங் மெஷின்’. இரண்டும் கண்ணாடித் தாளில் சேர்த்துச் சுற்றி, மேலே மஞ்சள் ஸ்டிக்கரில் கையால் 1, 2 என்று எழுதியிருந்தது. பின் அட்டையில் 2023 என்றும் மலாய் சப்டைட்டில் உண்டு என்றும் அச்சடித்த குட்டி ஸ்டிக்கர். “பேர் வேற மாதிரி இருக்கே அண்ணே?” என்று கேட்டேன். இரண்டாம் பாகத்துக்கு வேறு பேர் வைப்பது வழக்கம்தானே என்றார். கியூஆரில் காசு அனுப்பி வாங்கி வந்தேன்.

முதல் நாள் ‘இகாரஸ்’ போட்டோம். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. படம் செலவில்லாமல் எடுத்தது என்பது பார்த்தாலே தெரியும், கனடாவில் எடுத்துவிட்டு வேறு ஊர் மாதிரிக் காட்டுகிறார்கள், ஆனால் இயக்கியதும் லுன்ட்கிரன்தான், ஐம்பதைத் தாண்டிய மனிதர் சண்டையில் உடம்பைப் போட்டு உழைத்திருக்கிறார். கேஜிபி என்ற சோவியத் உளவுத்துறையின் பழைய ஆள், அமெரிக்காவில் ரகசியமாகக் கூலிக்குக் கொலை செய்கிறான், ஹாங்காங்கில் ஒரு வேலை சொதப்பி அவன் யார் என்பது வெளியே தெரிந்துவிட, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி எதிரிகள் வருகிறார்கள். எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா குளித்து, சட்டை மாற்றி, ‘இரண்டாம் பாகம்’ பார்க்க உட்கார்ந்தார். அதே ஆள், அதே மனைவி, அதே மகள். சரி, முன்கதையைத் திரும்பக் காட்டுகிறார்கள் போல என்று அவரே சொல்லிக்கொண்டார். ஹாங்காங்கும் வந்தது. “இது முடிஞ்சதும் புதுசு வரும் பாப்பா” என்றார். நான் சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறேன், அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, புதுக்கதை எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டே கடைசி எழுத்து ஓடுகிறவரை பார்த்தார். அதற்குப் பிறகுதான், “நேத்துப் பார்த்த படம்தானேம்மா?” என்று கேட்டார். இந்த டிஸ்க்கில் மலாய் சப்டைட்டிலும் கிடையாது. அவர் வசனம் புரியாமலேயே இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். எழுபதைத் தாண்டிய ஒரு மனிதரை அப்படி உட்கார வைத்தார்களே, எனக்கு ஆத்திரம் அதில்தான்.

அந்த மஞ்சள் ஸ்டிக்கரையும் குட்டி ஸ்டிக்கரையும் நகத்தால் உரித்தேன். 2023க்கு அடியில் 2010 என்று அச்சாகியிருந்தது. ‘த கில்லிங் மெஷின்’ அட்டையில், உலக உருண்டைப் படத்துக்குள் 1 என்ற எண். அது அமெரிக்கா, கனடா பக்கம் விற்கிற டிஸ்க்குக்குப் போடுவது, மலேசியாவுக்கு 3. நம் நாட்டில் முறையாக விற்கிற டிஸ்க்கில் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஹோலோகிராம் முத்திரை ஒட்டியிருக்கும், இதில் அதுவும் இல்லை. நடிகரின் படப் பட்டியலை இணையத்தில் தேடினால் 2010க்கு நேராக இரண்டு படப் பெயர்களும் ஒரே வரியில் இருக்கின்றன. கனடாவில் ‘இகாரஸ்’, அமெரிக்காவில் ‘த கில்லிங் மெஷின்’, படம் ஒன்றே ஒன்று.

இப்படிப் பேர் மாற்றுவது தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தியேட்டருக்குப் போகாமல் நேராக டிவிடிக்குப் போகிற சின்னப் படங்களை நாட்டுக்கு நாடு வேறு வேறு கம்பெனி வாங்கும், தன் ஊரில் எந்தப் பேர் ஓடுமோ அதை வைக்கும், அட்டையையும் மாற்றும். அட்டைகளும் எல்லாம் ஒரே சாயல்தான்: நரைத்த தலை, கையில் துப்பாக்கி, பின்னால் தீ, மூலையில் ஒரு பெண்ணும் குழந்தையும். இது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் 1, 2 என்று எழுதி ஒட்டுகிறார்.

திரும்பப் போய்க் கேட்டேன். முகம் மாறிவிட்டது. “பேர் வேற, கவர் வேற, அப்ப படமும் வேறதான் தங்கச்சி” என்றார். இரண்டையும் கடையிலேயே போட்டுப் பார்ப்போம் என்றேன், பிளேயர் கெட்டுப்போயிருக்கிறது என்றார். சுவரில் ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’ என்று மலாயில் எழுதி ஒட்டியிருப்பதைக் காட்டினார். கடைசியில் புரூஸ் வில்லிஸ் முகம் பெரிதாகப் போட்ட ஒரு டிஸ்க்கை எடுத்து, இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். வேண்டாம் என்றேன். வில்லிஸ் நடித்த கடைசிக் காலப் படங்கள் பலவற்றில் அட்டை முழுக்க அவர் இருப்பார், படத்தில் கொஞ்ச நேரம்தான் வருவார். 2021இல் வெளிவந்த எட்டுப் படங்களுக்காக, மோசமான படங்களுக்குக் கேலியாக விருது கொடுக்கும் ராஸி விருதுக்காரர்கள் அவரைக் கேலி செய்யத் தனிப் பிரிவே வைத்தார்கள். 2022 மார்ச்சில், அவருக்குப் பேச்சுத் திறனைப் பாதிக்கும் அபேசியா என்று குடும்பம் அறிவித்ததும் அந்த விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நோயாளி முகத்தை அட்டையில் போட்டுச் சம்பாதித்த படத்தை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

சுவரில் என்ன எழுதி ஒட்டினாலும் அது செல்லாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், அந்த உரிமையைக் கடைக்காரர் ஒரு நோட்டீஸ் போட்டுப் பறிக்க முடியாது. பொய் விவரம் சொல்லி விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரச் சட்டத்தில் குற்றமும்கூட. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். காசைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. போராங் 1 என்ற பாரம் (படிவம்), கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம், வாங்கி மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், இரண்டு தரப்பும் வழக்கறிஞரைக் கூட்டி வரவும் முடியாது, நாமே பேச வேண்டும். ஆன்லைனில் வாங்கியதற்கும் இது பொருந்தும். மன்றம் தீர்ப்பு சொல்லியும் காசைக் கொடுக்காவிட்டால் அது தனிக் குற்றம். 70 வெள்ளிக்காக யார் அலைவது என்றுதான் இவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

நான் பாரத்தைப் பதிவு செய்து, அதன் நகல் கடைக்காரர் கைக்குப் போனதும் அழைப்பு வந்தது. “சின்ன விசயத்தை ஏன் தங்கச்சி பெருசாக்குறீங்க” என்று காசைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அதே ஜோடி, அதே மஞ்சள் ஸ்டிக்கரோடு முன் வரிசையில் தொங்குகிறது. பக்கத்து வீட்டு லோரி ஓட்டுகிற மாமாவிடம் பேசினால், அவரும் அதே கடையில் ‘த மெக்கானிக்’, ‘த ரஷ்யன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். அதுவும் 2005இல் லுன்ட்கிரன் இயக்கிய ஒரே படம், அமெரிக்காவில் பேர் வேறு. மாமா ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை தீபாவளி லீவுக்கு என்று எடுத்து வைத்திருந்தார்.

வாங்கும்போது ஸ்டிக்கரை உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கடையில் நிற்கும்போதே நடிகர் பெயரைக் கைப்பேசியில் தட்டி, இரண்டு படப் பெயரும் ஒரே வரியில் வருகிறதா என்று பாருங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் கியூஆரில் கொடுங்கள், எனக்கு ரசீது தரவில்லை, அந்தப் பதிவுதான் கை கொடுத்தது. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் டிஸ்க்கையும் ஸ்டிக்கரையும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். போராங் 1 மலாயில் இருக்கும், நிரப்பத் தெரியாத பெரியவர்கள் யாராக இருந்தாலும் வீட்டுக்கே வந்து எழுதிக் கொடுக்கிறேன், லோரி மாமாவுடையது இந்த சனிக்கிழமை போகிறது.