ஜெராக்ஸா, ரிசோவா? டப்ளினில் ஒரு ஸீன் போட்ட கதை

டப்ளினில் ஸீன் போட நினைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துதான் ஆக வேண்டும்: ஜெராக்ஸ் எடுப்பதா, ரிசோவில் அடிப்பதா? ஸீன் (zine) என்றால் ஒரே ஆள் எழுதி, வரைந்து, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, தானே மேசை போட்டு விற்கிற குட்டி இதழ். என்னுடையது இந்த ஊர்ச் சுவர்களில் தானாக முளைக்கிற செடிகளைப் பற்றியது, ஏ5 அளவு, 24 பக்கம். முதல் இதழை ரிசோவில் கொண்டுவந்தேன், அடுத்ததை ஜெராக்ஸுக்கு மாற்றிவிட்டேன், இனியும் அங்கேதான் இருப்பேன். என் சாய்வு தெரிந்துவிட்டதா, சரி, இனி காரணத்துக்கு வருகிறேன்.

ரிசோ என்பது ஜப்பானின் ரிசோ காகக்கு நிறுவனம் 1980களில் கொண்டுவந்த நகல் இயந்திரம். வெளியிலிருந்து பார்த்தால் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் மாதிரியே நிற்கும், ஆனால் உள்ளே நடப்பது நமக்குத் தெரிந்த சைக்ளோஸ்டைல் வேலைதான். மெல்லிய தாளொன்றில் பக்கத்தின் உருவத்தை வெப்பத்தால் பொடித் துளைகளாகப் போட்டு ஒரு மாஸ்டர் தயாராகும், அது மை நிரம்பிய உருளையின் மேல் சுற்றிக்கொள்ளும், அடியில் தாள் ஓட ஓட துளை வழியே மை இறங்கும். ஒரு உருளைக்கு ஒரு நிறம்தான். இன்னொரு நிறம் வேண்டுமென்றால் உருளையை மாற்றி அதே தாளை மறுபடி விட வேண்டும், அப்போது படம் ஒரு நூலளவு தள்ளி விழும். அந்தத் தள்ளலைத்தான் ரிசோ ரசிகர்கள் காதலிக்கிறார்கள்.

நிறத்தில் ரிசோவோடு ஜெராக்ஸ் போட்டிபோடவே முடியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். டப்ளினில் பாழடைந்த கட்டடம் எதைப் பார்த்தாலும் புகைபோக்கி இடுக்கில் ஒரு பட்லியாப் புதர் நீட்டிக்கொண்டு நிற்கும், ஊதாக் கதிர் கதிராகப் பூக்கும். முதல் இதழில் நீலத்தின் மேல் ஒளிரும் இளஞ்சிவப்பு அடித்தபோது அந்த ஊதா அப்படியே வந்தது, கொஞ்சம் கூடுதலாகவே வந்தது என்றும் சொல்லலாம். ஜெராக்ஸில் அதே செடி சாம்பல் நிறத்தில் இருக்கும், அதுவும் பென்சிலால் தேய்த்து நிழல் போட்டிருந்தால் திட்டுத் திட்டாக அசிங்கமாக வரும். கோட்டோவியம் மட்டும் நன்றாக நிற்கும். அதனால் இப்போது நிழலெல்லாம் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுத்தான்.

மற்ற விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. தபாலுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆறு ஏ4 தாள் சேர்ந்தால் முப்பது கிராம், ரிசோவுக்குப் போடும் தடித்த தாள் என்றாலும் ஐம்பதைத் தாண்டாது, அயர்லாந்துத் தபால் நிறுவனமான ஆன் போஸ்ட்டின் சாதாரணக் கடித எடை வரம்பு 100 கிராம். கையில் ஒட்டுவதைப் பொறுத்தவரை ரிசோ மை முழுதாகக் காயவே காயாது, அழுத்தித் தேய்த்தால் விரலில் வரும். ஜெராக்ஸின் பொடி மையான டோனர் ஒட்டாது, ஆனால் மடிப்பில் அடர்த்தியான கறுப்பு இருந்தால் விரிசல் விட்டு உதிரும், அதனால் அட்டைப்படத்தில் முதுகை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் வெள்ளையாக விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

என்னை மாற வைத்தது மறுபதிப்பு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிசோவில் ஏ3 தாளில் அடித்துப் பிறகு இரண்டாக வெட்டுவோம், அதன் ஒரு புறத்தில் ஏ5 பக்கம் நான்கு அடங்கும். 24 பக்கத்துக்கு மூன்று தாள், இரு புறமும் சேர்த்து ஆறு அச்சு. இரண்டு நிறம் என்றால் 12 மாஸ்டர். இருபது பிரதி அடித்தாலும் முந்நூறு அடித்தாலும் அந்தப் பன்னிரண்டுக்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும். கூட அடிக்க அடிக்க ஒரு பிரதியின் விலை சரிந்துகொண்டே போகும், அதனால் ரிசோ அடித்துத் தருகிற ஸ்டூடியோவில் யாரைக் கேட்டாலும் நூறுக்கு மேல் போடச் சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். சிக்கல் அதற்குப் பிறகு. அடுத்த பக்கத்துக்கு மாஸ்டர் போட்டதும் பழைய மாஸ்டர் உருளையிலிருந்து கழன்று குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். பிரதி தீர்ந்தபின் ஒரு கடைக்காரர் இன்னும் எட்டு கேட்டால், அந்த எட்டுக்காக மறுபடியும் 12 மாஸ்டர். யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே ரிசோ ஸீன் ஒன்று தீர்ந்துபோகும், இல்லையென்றால் கட்டிலுக்கடியில் தேங்கும். டப்ளின் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே பெரும்பாடு, அதில் கட்டிலுக்கடி என்பது விலைமதிப்புள்ள இடம்.

எத்தனை விற்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. டப்ளின் ஸீன் ஃபேர் மாதிரி ஒரு நாளில் மேசை போடும்போது மழை வந்தால் ஒரு கணக்கு, பக்கத்து மேசைக்காரர் பிரபலமானவர் என்றால் இன்னொரு கணக்கு. பாதி நேரம் விற்பனையே நடக்காது, பண்டமாற்றுதான்: உன்னுடையது ஒன்று கொடு, என்னுடையது ஒன்று எடு. ரிசோ இதழை எட்டு யூரோவுக்கு வைத்திருந்தேன், மூன்று யூரோ இதழோடு எதிரே நிற்பவர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கவே கூச்சப்பட்டார். இப்போது என்னுடையதும் மூன்று யூரோதான், கேள்வியே எழுவதில்லை.

ஜெராக்ஸில் பத்துப் பத்தாக எடுக்கிறேன். மூலப் பக்கங்கள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் அதே விலைக்கு இன்னொரு பத்து. இன்னொரு வசதியும் இருக்கிறது. மேசையில் புரட்டிப் பார்க்கிறவர்கள் சும்மா போக மாட்டார்கள், எங்கள் தெரு ரயில் பாலத்தில் சிவப்பு வலேரியன் காடாகக் கிடக்கிறது, கால்வாய்ச் சுவரில் அந்த ஊதாக் குட்டிப் பூ இருக்கிறதே, ஐவி இலை டோட்ஃபிளாக்ஸ், அதைப் பார்த்தாயா என்று எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். போய்ப் பார்த்து, நான்கு வரி எழுதி, பழைய பக்கத்தின் ஓரத்தில் ஒட்டி, அடுத்த பத்தில் சேர்த்துவிடுவேன். இதழ் வளர்ந்துகொண்டே இருக்கிறது, எந்தப் பிரதியும் முந்தைய கட்டோடு முழுசாக ஒத்துப்போகாது. ரிசோவில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஊதா நிறத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கலர் பென்சில்தான். பத்துப் பிரதி என்பதால் பட்லியா பக்கத்தை மட்டும் கையாலேயே நிறம் தீட்டிவிடுகிறேன், ஒரு மாலை வேலை. இந்த ஊரில் இது புதிதும் அல்ல. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் தங்கை எலிசபெத் யேட்ஸ் நடத்திய குவாலா அச்சகம் 1908 முதல் 1915 வரை மாதாமாதம் ‘எ பிராட்சைட்’ என்று ஓர் இதழ் போட்டது, கை அச்சு இயந்திரத்தில் 300 பிரதி, தம்பி ஜாக் யேட்ஸின் படங்களுக்குக் கையால் நிறம். முந்நூறுக்கு அவர்கள் செய்ததை நான் பத்துக்குச் செய்ய முடியாதா என்ன.

ஜெராக்ஸ் பக்கம் சாய்ந்தாலே பங்க் இசைக் காலத்து ஏக்கம் என்று சிலர் கிண்டல் செய்வார்கள். வட அயர்லாந்தின் ‘ஆல்டர்நேட்டிவ் அல்ஸ்டர்’ ஸீன், 1978இல் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழு அதே பெயரில் போட்ட பாட்டு எல்லாம் பேச்சில் வந்துவிடும். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது, அந்தப் பாட்டும் அவ்வளவாகப் பிடிக்காது. நான் பார்ப்பது பத்துப் பிரதியை எடுக்க முடிகிறதா என்பதை மட்டும்.

இலவசப் பிரதிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அயர்லாந்தின் 2000ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இங்கே முதலில் வெளியாகிற நூலை ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகம், டிரினிட்டி கல்லூரி, பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட பல இடங்களுக்கு இலவசமாக அனுப்ப வேண்டும், துண்டுப் பிரசுரமும் இதில் அடக்கம். ஸீன் மேசைகளில் இந்தச் சட்டத்தை வாயெடுத்துச் சொன்ன யாரையும் நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். தன்னார்வலர்கள் நடத்துகிற ஃபர்காட்டன் ஸீன் ஆர்க்கைவ் டப்ளினில் 2004 முதல் இருக்கிறது, அதற்கு ஒன்று கொடுக்க மனது வரும். நண்பர்களுக்கு, செடி காட்டியவர்களுக்கு என்று இன்னும் சில. எட்டு யூரோப் பிரதி என்றால் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிக் கொடுப்போம்.

ரிசோவை வேண்டாம் என்று பொதுவாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரே இதழ்தான் அதில் போட்டிருக்கிறேன், இயந்திரத்தைத் தொட்டது ஸ்டூடியோக்காரர்தான், நான் தாளை அடுக்கிக் கொடுத்தேன். டப்ளின் காமிக் ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல் மாதிரியான இடத்தில் படக்கதை விற்கிறவர், கதையே நிறத்தில்தான் நிற்கிறது, இருநூறு பிரதி போகும் என்று அனுபவத்தில் தெரிந்தவர், அவருக்கு ரிசோதான் சரியாக இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து பளபளப்பாக வாங்குவது மூன்றாவது வழி, அதற்குள் நான் போகவே இல்லை, அது பிராஸ்பெக்டஸ் மாதிரி இருக்கிறது.

அடுத்த இதழுக்கு ஒரு நடுவழி யோசித்து வைத்திருக்கிறேன், இன்னும் செய்து பார்க்கவில்லை. அட்டை மட்டும் ரிசோவில் இரண்டு நிறம், வெளிப்புறம் மட்டும் என்பதால் மாஸ்டர் இரண்டே இரண்டு, நூற்றைம்பது ஒரேயடியாக அடித்துத் தட்டையாக அடுக்கிவிட்டால் இடமும் அதிகம் பிடிக்காது. உள்பக்கங்கள் வழக்கம்போல ஜெராக்ஸில் பத்துப் பத்தாக. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ரிசோவில் அடித்த தாளின் பின்புறத்தில் ஜெராக்ஸ் எடுக்கப் பார்க்காதீர்கள், டோனரைச் சூடாக்கி ஒட்டுகிற உருளையில் காயாத மை இழுபட்டு, அடுத்து வருகிறவர்களின் நகலிலெல்லாம் கறை விழும், கடைக்காரர் அப்புறம் உங்களை உள்ளே விடமாட்டார். அட்டையின் உள்புறம் வெறுமையாகவே இருக்கட்டும், விலையை வேண்டுமானால் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.