டிக்கெட் ஆப் ரீஃபண்ட்: பழைய கார்டை க்ளோஸ் பண்ணவங்க படிங்க

நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்ட்ல நடக்க வேண்டிய மியூசிக் ஷோ மழையால கேன்சல், ரீஃபண்ட் தானா வந்துடும்னு மெசேஜ் வந்துச்சு, சந்தோஷம். ஆனா டிக்கெட் போட்ட கிரெடிட் கார்டு இப்ப இல்ல, நடுவுல க்ளோஸ் பண்ணியாச்சு. ஆப்ல இருக்குற சாட் பாட்டு என்ன கேட்டாலும் "பணம் கட்டுன கார்டுக்கே போகும்"னு கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லுது, வேற அக்கவுண்ட் நம்பர் குடுக்க இடமே இல்ல, ஒரு மனுஷங்ககிட்ட பேசுறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு.

ஆனா லைன்ல வந்த பொண்ணு தெளிவா பேசுனாங்க. "சார், பணம் எங்ககிட்ட இல்ல, பேங்குக்கு போயிடுச்சு, ஏஆர்என் நம்பர் அனுப்புறேன், அதை காட்டி கேளுங்க"ன்னாங்க. ரீஃபண்ட் எங்க போச்சுன்னு பேங்க் தேடிக் கண்டுபிடிக்க உதவுற அந்த 23 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர்தான் மேட்டரே. அதுவரைக்கும் எதுவும் வரலன்னு சாதிச்ச பேங்க், நம்பரை போட்டு மெயில் அனுப்புனதும் க்ளோஸ் ஆன கார்டு பேர்ல கிரெடிட் பேலன்ஸா கெடக்குதுன்னு ஒத்துக்கிட்டு, கேன்சல்டு செக் வாங்கிட்டு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டுவிட்டாங்க.

டெபிட் கார்டு தொலைஞ்சு புதுசு வாங்குனவங்களுக்கு பொதுவா இந்த தொல்லை இல்ல, அக்கவுண்ட் அதேதான்னா பணம் அதுலயே விழுந்துடும். பேங்க் 30 நாள்ல பதில் தரலைன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், ஆப் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க.

கன்வீனியன்ஸ் ஃபீ மட்டும் வரல. ஷோவே நடக்கல, அப்புறம் எதுக்குய்யா அது? ரெண்டு ஸ்டார், அதுவும் அந்த பொண்ணுக்காக.