சுண்டெலியா, மனித உயிரணுவா?

அல்சைமர் போன்ற மறதி நோய்களில் வரும் மூளை அழற்சியை ஆராய மரபணு மாற்றிய சுண்டெலி ஒரு வழி. மனிதரின் தோல் அல்லது ரத்த அணுவை, எந்த வகை அணுவாகவும் வளரக்கூடிய தண்டணுவாக்கி, அதிலிருந்து மூளையின் நோயெதிர்ப்பு அணுவான மைக்ரோகிளியாவை வளர்ப்பது இன்னொன்று.

எலியிடம் முழு மூளை இருக்கிறது. அதுதான் அதன் பலம். அல்சைமரை உண்டாக்கும் ஐந்து மரபணுப் பிறழ்வுகள் ஏற்றிய 5எக்ஸ்எஃப்ஏடி என்ற வகை எலிக்கு இரண்டாம் மாதத்திலேயே அந்த நோயின் அடையாளமான அமிலாய்டு புரதம் மூளையில் படிய ஆரம்பிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மைக்ரோகிளியா கைகளைச் சுருக்கிக்கொண்டு படிவைச் சூழ்ந்து நிற்பது தெரியும். ரத்தக் குழாய், நரம்பணு, நினைவாற்றல் எல்லாவற்றையும் ஒரே உடலில் அளக்கலாம்.

ஆனால் எலி மனிதனல்ல. மைக்ரோகிளியாவில் வேலை செய்யும் ட்ரெம்2 மரபணுவின் ஆர்47எச் என்ற மாறுபாடு அல்சைமர் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுவது 2013இல் தெரியவந்தது. அதையே எலிக்குள் வைத்தபோது மரபணுவின் நகலான ஆர்என்ஏ வெட்டி இணைக்கப்படும் விதம் பிசகி, புரதத்தின் அளவே குறைந்துபோனது. மனித அணுவில் இந்தப் பிசகு இல்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் நோயின் காரணத்தையே தப்பாகப் படித்திருப்போம்.

மனித அணுவுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. 70 வயதுக்காரரின் தோல் அணு தண்டணுவாக மாறும்போது வயதின் தடயம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. முதுமையில் வரும் நோயை இளம் அணுவில் தேடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மரபணு மாறுபாட்டின் வேலையை அறிய மனித அணுவையே தேர்ந்தெடுப்பேன். மருந்து மூளைக்குள் போய்ச் சேருமா என்று பார்க்க எலிதான் வேண்டும். மனித மைக்ரோகிளியாவை எலி மூளையில் பதிக்கும் முறையும் வந்துவிட்டது. அதற்கு எலியின் நோயெதிர்ப்பை முடக்க வேண்டியிருப்பதால் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் பங்கு அங்கே தெரியாது.