தழும்பு போகும் என்று நம்பி 18,600 ராண்ட் தொலைத்தேன்: டர்பன் பெண்களே, கவனம்

பதினெட்டாயிரத்து அறுநூறு ராண்ட். எண்ணிலும் போடுகிறேன், 18,600. நேற்று சாயங்காலம் அந்த இடத்திலிருந்து வந்த வாட்ஸ்அப் பதிலைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. "உங்கள் சருமம் சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை, அதற்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது." என் சருமம் ஒத்துழைக்கவில்லையாம்! சுட்டது அவர்கள், குற்றவாளி என் தோல்.

பெயரைப் போடவில்லை, ஏனென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கனவே மிரட்டிவிட்டார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பெரிய மாலின் மேல் தளத்தில் இருக்கும் லேசர் அழகு நிலையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் "முன்பு, பின்பு" படங்களாகப் போட்டுத் தள்ளுகிறவர்கள். தழும்புக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போன ஜூலையில் எனக்கு மார்பகக் குறைப்பு ஆபரேஷன் நடந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்முடைய இந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள், அதனால் எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு ஓயாத கழுத்து வலி, தோள் இரண்டிலும் பிரா பட்டி பதிந்து பள்ளம். மெடிக்கல் எய்டில், அதாவது இந்த ஊர் மருத்துவக் காப்பீட்டில், இது அழகுக்காகச் செய்வது என்று கையை விரித்துவிட்டார்கள். சொந்தப் பணத்தில் செய்துகொண்டேன். சர்ஜன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, வேலை சுத்தம். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு, அடி மடிப்போடு போகும் ஒரு நீளக் கோடு. நங்கூரத் தழும்பு என்று சொல்வார்களாம். துறைமுக ஊருக்கு வாழ வந்தவளுக்கு இரண்டு நங்கூரம் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன்.

அவர் அன்றே தெளிவாகச் சொன்னார். காயம் முழுதாக மூடிய பிறகு சிலிக்கான் ஷீட் ஒட்டு, ஒரு நாளில் 12 மணி நேரமாவது இருக்கட்டும், மூன்று மாதத்துக்குக் குறையாமல். கம்பி வைத்த பிரா வேண்டாம், கனம் தூக்காதே, வெயில் படவிடாதே. முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும், பயப்படாதே, தழும்பு அடங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

நானும் இரண்டு மாதம் ஒழுங்காக ஒட்டினேன். அப்புறம் டர்பன் வெயில் காலம் வந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் மார்புக்கு அடியில் ஒட்டிய ஷீட் எத்தனை மணி நேரம் நிற்கும்? பத்து மணிக்கெல்லாம் வியர்வையில் நழுவி வயிற்றுக்கு வந்துவிடும். அரிப்பு வேறு. விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரியில், தைப்பூசக் காவடி முடிந்து கொஞ்ச நாளில், அந்த விளம்பரம் போனில் வந்தது. "ஆபரேஷன் தழும்புக்கு லேசர், ஆறே சிட்டிங்." சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

உள்ளே என்னை உட்கார வைத்துப் பேசிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளை கோட். கழுத்துச் சங்கிலியில் சின்ன வேல். "ஆன்ட்டி, நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்களா? என் ஆயா தமிழ் பேசுவார்கள், எனக்கு 'வாங்கோ, சாப்பிடு' மட்டும்தான் வரும்" என்று சிரித்தாள். டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவளாம், வருஷா வருஷம் காவடி எடுப்பாளாம். பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், வேல் போட்ட ஒரு பெண் பாட்டியை ஆயா என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. அப்புறம் அவள் செய்ததுதான் வேலை. கதவைச் சாத்திவிட்டு, கோட்டைத் தூக்கி, தன் அடிவயிற்றில் இருந்த சிசேரியன் தழும்பைக் காட்டினாள். நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். "இதுவும் உங்களுடையது மாதிரி தடித்துக் கறுப்பாக இருந்தது ஆன்ட்டி. ஆறு சிட்டிங்."

ஒரு பெண் தன் வயிற்றைத் திறந்து காட்டும்போது யார் சந்தேகப்படுவார்கள்? குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது வயசு என்று பின்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் அவளே சொன்னாள். ஒன்பது வருஷத்தில் பெரும்பாலான தழும்பு தானாகவே வெளுத்துப் போகுமே அம்மா!

24,000 ராண்ட் பேக்கேஜ், இன்று மட்டும் 18,600. கார்டு மெஷின் நெட்வொர்க் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், போனிலிருந்தே கணக்குக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். டிசம்பரில் அம்மாவைப் பார்க்கத் திருச்சிக்குப் போக டிக்கெட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம். டேப்லெட்டில் ஒரு படிவம், விரலால் கையெழுத்து. "ஃபைலுக்காக" என்று படம் எடுத்தாள். எடுத்தது அவளுடைய சொந்தப் போனில். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதல் சிட்டிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் வேறு ஒரு பெண் வந்தாள், பவரைக் கூட்டினால்தான் சீக்கிரம் வேலை செய்யும் என்றாள். சூடான எண்ணெயில் கடுகு வெடித்துத் தோலில் தெறிப்பது மாதிரி சுளீர் சுளீர் என்று இருந்தது. வலிக்கிறது என்றேன். "வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்." அன்று இரவு ஜாக்கெட்டைக் கழற்றும்போது துணியோடு தோலும் வந்தது. காலையில் அடிக்கோட்டின் மேல் வரிசையாகக் கொப்புளம். கருவியின் முனை எந்த அளவோ அதே அளவில், சீப்புப் பல் மாதிரி ஒன்றை அடுத்து ஒன்று.

போன் செய்தேன். முதல் நாள், "அது நார்மல் ஆன்ட்டி, கற்றாழை ஜெல் போடுங்கள்." மூன்றாம் நாள், "தெரபிஸ்ட் லீவு." அடுத்த வாரம், "லோட் ஷெடிங்கில் மெஷின் கெட்டுவிட்டது, அளவு கூடியிருக்கலாம்." அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கம் ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகவில்லை. அப்புறம் "ஜோஹன்னஸ்பர்க் ஹெட் ஆபீஸுக்கு ஈமெயில் போடுங்கள்." போட்டேன், மூன்று தடவை. வேல் போட்ட பெண் நீல டிக்கோடு சரி.

நேரிலேயே போனேன். ரிசப்ஷனில் ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் ஐந்தாறு பேர், அதில் இரண்டு பேர் ஆண்கள். "எங்கே எரிந்தது மேடம், காட்டுங்கள்" என்றான், சத்தமாக. நான் எங்கே காட்டுவேன்? உள்ளே கூப்பிடுங்கள் என்றேன். மேனேஜர் இல்லை, ஆதாரம் இல்லாமல் ரூம் திறக்க முடியாது என்றான். முகத்தில் சுட்டிருந்தால் அங்கேயே நின்று சண்டை போட்டிருப்பேன். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்து, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இவர்கள் தைரியம் எதில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இந்த இடத்துத் தழும்பை எவளும் ஊரைக் கூட்டிக் காட்டமாட்டாள்.

அதற்குப் பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மெஷின்? ரசீதில் "லேசர்" என்று மட்டும் இருந்தது. போனில் நான் எடுத்து வைத்திருந்த கருவியின் படத்தைக் காட்டினேன். பெருமூச்சு விட்டார். இது லேசரே இல்லை போலிருக்கிறது, ஐபிஎல் என்றார். ஐபிஎல் என்றதும் எனக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வந்தது, அந்த நிலையிலும். பல அலைநீள வெளிச்சத்தை மொத்தமாகப் பாய்ச்சுகிற கருவியாம். நம் மாதிரி நிறமுள்ள தோலில் தழும்புக்குப் போகவேண்டிய சூட்டை மேல் தோலில் இருக்கும் நிறமியே வாங்கிக்கொள்ளும், அதனால் எரியும், எரிந்த இடம் கறுக்கும். கறுத்தது மங்க மாதக் கணக்காகும். இடது பக்கம் ஓரத்தில் தடித்திருப்பது தழும்பின் எல்லையைத் தாண்டவில்லை, அதனால் கீலாய்டு என்று இப்போது சொல்ல முடியாது, தாண்டி வளர்ந்தால் சொல்லலாம் என்றார். அதற்கு ஸ்டீராய்டு ஊசி, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று. பிறகு என்ன சொன்னார் தெரியுமா? சிலிக்கான் ஷீட் ஒட்டு, பொறு. சர்ஜன் சொன்ன அதே வார்த்தை. 18,600 ராண்ட் கொடுத்துச் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறேன், கூடுதலாக ஒரு தீக்காயத்தோடு.

அந்தப் படிவத்தில் "டாக்டர் மேற்பார்வையில்" என்று ஒரு பெயர் இருந்தது. இந்த நாட்டில் டாக்டர்கள் எல்லோரும் எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பட்டியல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேடினேன். அந்தப் பெயரில் ஆளே இல்லை. இரண்டு நிமிஷ வேலை. பணம் அனுப்புவதற்கு முன் அந்த இரண்டு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

வங்கியில் கேட்டேன். கார்டில் கட்டியிருந்தால் ஆட்சேபம் எழுப்பலாமாம், நீங்களே அனுப்பிய பணத்தைத் திருப்ப முடியாது என்றார்கள். அந்த மெஷின் நெட்வொர்க் கிடைக்காமல் சுற்றியது எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் சட்டம் படிக்கிறாள். அவள்தான் கூட உட்கார்ந்து எல்லாம் எழுதிக் கொடுத்தாள். "பணம் திரும்பக் கிடையாது" என்று கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே கதை முடியாது. 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54ஆம் பிரிவு, சேவை தரமாக இல்லையென்றால் சரி செய், அல்லது தகுந்த அளவு பணத்தைத் திருப்பு என்று கேட்கலாம். செய்யாத நாலு சிட்டிங்குக்கு எந்த நியாயத்தில் காசு? ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 20,000 ராண்ட் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வைக்கக் கூடாது, அவர்களும் வைக்க முடியாது. முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் மேலே சொன்னது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். உண்மையில் கை நடுங்குகிறது, நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தழும்பில் யாரும் கை வைப்பதற்கு முன் உங்கள் சர்ஜனுக்கு ஒரு போன் போடுங்கள். மெஷின் பெயரை எழுத்தில் வாங்குங்கள், சின்ன இடத்தில் சோதனை செய்துவிட்டுச் சில வாரம் பொறுங்கள். மொத்தப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். வைட்டமின் ஈ எண்ணெய் தேய் என்று சொல்வார்கள், பலன் இல்லை, சிலருக்கு அலர்ஜிதான் மிச்சம். டர்பன் வியர்வைக்கு ஷீட் நிற்காவிட்டால் பகலில் சிலிக்கான் ஜெல், ஏசி போட்ட இரவில் ஷீட், இது தோல் டாக்டர் சொன்னது, எனக்கு இப்போது நிற்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? என் படங்களை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி கொடுங்கள் என்று தனியாகக் கேட்டேன். பணம் பற்றிய கேள்விக்காவது ஏதோ ஒரு பதில் வருகிறது. இதற்கு இதுவரை ஒரு வார்த்தை இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் அவர்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, "முன்பு" படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கெடு முடிய இன்னும் ஐந்து நாள்.